பென்சிலால் எழுதிய பெயர்கள்: வைத்தியசாலைகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் வைத்தியசாலைகளை நடத்துகிற பணிப்பாளர்கள், அத்தியட்சகர்கள், நிர்வாக உத்தியோகத்தர்கள் எல்லாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். காலை ஏழு மணிக்கு வாட்டுக்குள் கால் வைத்தால் ஏழு ஐந்துக்குள் இந்த மூன்றையும் சொல்லி முடித்துவிடுகிற வேலை என்னுடையது, அதனால் பழக்கத்தில் வந்துவிட்டது.

ஒரு அரச வைத்தியசாலையில் 19 வருடமாக இருக்கிறேன். எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே விளக்கக் கடிதம் கேட்பீர்கள், அதோடு நான் சொல்ல வருவது ஒரு வைத்தியசாலையின் கதை மட்டுமாகவும் இருக்காது. கடதாசியில் எங்களுக்குச் சுகாதாரப் பணி உதவியாளர் என்று பெயர். சனத்தின் வாயில் அட்டெண்டன், லேபர். ட்ரொலி தள்ளுவோம், பெட்பான் எடுப்போம், இரத்த மாதிரியை லாப்புக்கும் ஒட்சிசன் சிலிண்டரை வாட்டுக்கும் கொண்டு ஓடுவோம், சத்தி எடுத்த இடத்தைக் கழுவுவோம், செத்தவரைத் துடைத்துக் கட்டிப் பிரேத அறைக்குக் கொண்டுபோவோம். பெரிய டொக்டர் ஒரு கட்டிலடியில் நிற்பது ஐந்து நிமிடம். மிச்ச நேரத்தில் அந்த மனிசன் தண்ணீர் கேட்பது எங்களிடம்தான்.

இதை எழுத வைத்தது ஒரு வினாக்கொத்து. போன மாதம் மத்தியானம், கம்பஸில் முகாமைத்துவம் படிக்கிற ஒரு தங்கச்சி ஒரு கட்டுக் கடதாசியோடு வந்து நின்றது. “அண்ணா, வைத்தியசாலை உதவி ஊழியர்களின் நிறுவன அர்ப்பணிப்பைத் தீர்மானிக்கும் காரணிகள் என்று ஒரு ஆய்வு, நிரப்பித் தருவீங்களா?” என்று கேட்டது. நான் அப்போது லினன் அறைக்குப் பக்கத்தில், அழுக்குத் துணி மூட்டை ஒன்றைச் சுவரோடு தள்ளிவிட்டு, கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் குந்தியிருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பார்சலைப் பார்த்தது, மூட்டையைப் பார்த்தது, பிறகு கையிலிருந்த தலைப்பைப் பார்த்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டது. நான் அடக்கவில்லை.

வைத்தியசாலையின் பிரச்சினையை உங்கள் பிரச்சினையாக நினைக்கிறீர்களா, இங்கே வேலை செய்வதை வெளியில் பெருமையாகச் சொல்வீர்களா, இப்படி நிறையக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டமிட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் 3 போட்டேன். நடுவில் நின்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், 19 வருடத்தில் படித்த பாடம் அது. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது. கேட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு இருந்து விளங்கப்படுத்தியும் விட்டது. கனடாவில் மேயர், அலென் என்று இரண்டு பேராசிரியர்கள், 1991இல் இதைப் பிரித்து எழுதியிருக்கிறார்களாம். ஒருவர் ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க மூன்று விதமான காரணம் இருக்கலாம்: மனம் பிடித்துப்போய் இருப்பது, விட்டால் நட்டம் என்று இருப்பது, விட்டுப்போவது சரியில்லை என்ற கடமையுணர்வில் இருப்பது. மூன்றும் ஒரே ஆளிடம் கூடக் குறைய இருக்கலாமாம்.

பெரிய படிப்பு என்று நினைத்தேன், பார்த்தால் எங்கள் வாட்டில் தினமும் நடப்பது.

உள்ளதைச் சொல்கிறேன், எங்களில் கனபேர் இரண்டாவது வகை. ஓய்வூதியம் இருக்கிறது, சம்பளத்தில் வெட்டுகிற கடன் இருக்கிறது, 45 வயதில் வெளியே போய் நான் என்ன செய்வது, உப்புவெளி ஹோட்டல்களில் அறை கூட்டுவதா? ஆகவே தயவுசெய்து, யாரும் வேலையை விட்டுப் போகவில்லை என்பதைக் காட்டி எங்கள் ஊழியர்கள் மிகுந்த அர்ப்பணிப்போடு இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் பேசாதீர்கள். கட்டின ஆடும் கொட்டிலை விட்டுப் போகாதுதான். நீங்கள் கேட்கிற அர்ப்பணிப்பு, அதாவது ட்ரொலியின் சில்லு சத்தம் போட்டால் யாரும் சொல்லாமலே எண்ணெய் விடுகிற, டியூட்டி முடிந்த பிறகும் தனியாக இருக்கிற கிழவிக்கு ஒரு வாய் கஞ்சி பருக்கிவிட்டுப் போகிற அந்தக் குணம், முதலாவது வகையிலிருந்துதான் வரும். அது எங்கே உண்டாகிறது, எங்கே செத்துப்போகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்கிறவன் பொய் சொல்கிறான். பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட 2022ஆம் வருடத்தில், சீனக்குடாவில் ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்துவிட்டு, பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டு டியூட்டிக்கு வந்தவர்கள் நாங்கள். 2024 ஜனவரியில் வைத்தியர்களின் டாட் கொடுப்பனவு (இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து என்பவற்றுக்குக் கொடுப்பது) 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆனது. எங்களுக்கும் 35,000 தாருங்கள் என்று 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின, பெப்ரவரியிலும் இறங்கின. நாட்டின் பல வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தை அனுப்பினார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு என் கூட்டாளி ஒருவர், பார்த்தியா, எங்கட வேலையை யாரைக் கொண்டும் செய்விக்கலாம் என்று காட்டிப்போட்டாங்கள் என்று மனம் நொந்தார். கந்தளாயிலிருந்து வருகிற எங்கள் மல்லி (சிங்களத்தில் தம்பி), இல்லை அண்ணே, நாங்க இல்லாட்டி ஆமியைக் கூப்பிடவேண்டிக் கிடக்கு, அதுதான் எங்கட பெறுமதி என்றான். இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

பிறகு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆகும் என்று அறிவித்தார்கள், மூன்று கட்டமாக. சந்தோஷம். ஆனால் அது கொழும்பில் முடிவாகிற விஷயம், உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. உங்கள் கையில் இருப்பதைக் கதைப்போம்.

முதலாவது ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள், எந்த நேரம் டியூட்டி என்ற பட்டியல். எங்கள் இடத்தில் தாதியரின் ரோஸ்டர் மாதம் பிறக்க முன்னமே வந்துவிடும், பேனையால் எழுதி, கையெழுத்து வைத்து. எங்களுடையது கிழமைக்குக் கிழமை, வெள்ளிக்கிழமை பின்னேரம், பென்சிலால். அழித்து அழித்து எழுதிச் சில பெட்டிகளில் கடதாசியே கிழிந்திருக்கும். அந்தப் பெட்டிகளில் எப்போதும் ஒரே ஆட்களின் பெயர்தான் இருக்கும், அதைக் கவனித்துப் பாருங்கள். எதிர்த்துக் கதைக்காதவர்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள், புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளைகள். எங்களை மேற்பார்வை செய்கிற ஓவசியரோடு யார் பிளேன்டீ குடிக்கிறார் என்று தெரிந்தால் யாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று ரோஸ்டரைப் பார்க்காமலே சொல்லலாம்.

மூதூரிலிருந்து வருகிற ஒரு ராத்தா (முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எங்களோடு இருக்கிறார். அவர் சேர்ந்த காலத்தில் கொட்டியாரக் குடாவைக் கடந்து லாஞ்சியில் வந்தவர், காற்று அடித்தால் அன்றைக்கு டியூட்டி இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, மற்றப் பாலங்களும் வந்த பிறகு, பஸ்ஸில் வருகிறார். பின்னேர டியூட்டி இரவு ஏழு மணிக்கு முடியும், அந்த நேரத்தில் மூதூருக்குப் பஸ் பிடிப்பது லொத்தர் விழுகிற மாதிரி. அதனால் அவர் ஒரு கிழமை முன்னதாகத் தெரிந்தால் யாரோடாவது மாற்றிக்கொள்வார், ஒரு பிரச்சினையும் வராது. போன வருடம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, இன்றைக்கு உங்களுக்குப் பின்னேரம் என்று சொன்னார்கள். வந்தார். டியூட்டி முடிந்ததும் வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் இருந்து விடியவைத்தார். காலையில் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது கோபமாகக்கூட இல்லை, “தம்பி, இனி நான் என்ர வேலையை மட்டும் பாப்பன்” என்றார், அவ்வளவுதான். இப்போதும் நேரத்துக்கு வருகிறார், நேரத்துக்குப் போகிறார், உங்கள் விரலடையாள இயந்திரத்தில் அவருடைய கணக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும். முந்திப் பிரசவ வாட்டில் முதல் பிள்ளைக்கு வந்து பயந்து அழுகிற பெட்டைகளின் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பாரே, அது நின்றுபோனது. அதற்கு உங்களிடம் இயந்திரம் இல்லை.

அடுத்தது என் சொந்தக் கதை. பல வருடத்துக்கு முன்னம் கறுப்புப் பையைக் கட்டித் தூக்கும்போது காலில் ஊசி ஒன்று குத்தியது. சாதாரணக் குப்பைப் பை அது, ஊசி அதற்குள் இருக்கவே கூடாது, கூரானவற்றுக்கு வேறு பெட்டி இருக்கிறது. போய்ச் சொன்னேன். டெட்டோல் போட்டுக் கழுவிவிட்டு வேலையைப் பார் என்று ஒருவர் சொன்னார், கவனமாகத் தூக்கத் தெரியாதா என்று இன்னொருவர் கேட்டார். இதே ஊசி ஒரு டொக்டரையோ தாதி மிஸ்ஸையோ குத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் படிவம் நிரப்பி இரத்தம் எடுத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், நானே அப்படி எடுத்த இரத்தத்தை லாப்புக்குக் கொண்டுபோனவன். அன்றைக்கு இரவு அந்த வாட்டில் இருந்த இளம் வைத்தியர் ஒருவர், சிங்களப் பையன், வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார். தடுப்பூசி போடாதவரை ஹெபடைட்டிஸ் பி உள்ள ஊசி குத்தினால் நூற்றில் முப்பது பேருக்கு வரைக்கும் தொற்றலாம், சி என்றால் நூற்றில் இரண்டு மூன்று, எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்தில் மூன்று என்று அரைகுறைத் தமிழில் விளங்கப்படுத்தினார். தடுப்பூசி போட்டாயா என்று கேட்டார். யாரும் போடச் சொல்லவில்லையே! தன் டியூட்டி முடிந்தும் நின்று, என்னைக் கூட்டிக்கொண்டுபோய் இரத்தம் எடுப்பித்து, ஆறு மாதத்தில் மூன்று முறை போடவேண்டிய அந்த ஊசிக்குத் துண்டு எழுதித் தந்து, திகதியையும் தன் தொலைபேசியில் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பையன் இடமாற்றமாகிப் போகும்வரைக்கும் அவர் வாட்டில் நிற்கிற நாளில் நான் மணிக்கூடு பார்த்ததில்லை. எத்தனையோ நாள் இரண்டு மணித்தியாலம் கூட நின்றிருக்கிறேன், ஓவர்டைம் எழுதவில்லை. இதை எந்தப் பெட்டியில் வட்டமிடுவது என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, இது மேலதிகாரியின் ஆதரவு என்ற தலைப்பில் வரும் என்றது. சரி, வரட்டும்.

மொழி விஷயமும் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் வைத்தியருக்குத் தமிழ் தெரியாமலும் நோயாளிக்குச் சிங்களம் தெரியாமலும் இருப்பது தினசரி நடப்பு, மறுபக்கம் கோமரங்கடவலையிலிருந்து வருகிற அம்மேக்கு எங்கள் தமிழ் விளங்காது. நடுவில் நிற்பது யார்? கையில் துடைப்பத்தோடு நாங்கள். “நாரி உளையுது, நெஞ்சு அடைச்சுக்கொண்டு வருது, கால் விறைக்குது” என்று ஒரு ஆச்சி சொன்னால், உளைவுக்கும் நோவுக்கும் வித்தியாசம் காட்டிச் சிங்களத்தில் சொல்லவேண்டும், அதுவும் பிழைக்காமல். நெஞ்சு அடைக்கிறதா எரிகிறதா என்பதில்தான் ஈசீஜீ எடுப்பதா கஸ்ரிக் மருந்து கொடுப்பதா என்பது இருக்கிறது. இது எங்கள் கடமைப் பட்டியலில் இல்லாத வேலை, கொடுப்பனவும் இல்லை, செய்யமாட்டேன் என்று சொன்னவரும் இல்லை. ஆனால் எங்களுக்கு வருகிற சுற்றுநிருபம் மட்டும் சிங்களத்தில் வந்து அறிவித்தல் பலகையில் தொங்கும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, அந்தச் செய்தி பலகைக்கு இன்னும் வந்து சேரவில்லை போல. ஒருமுறை தடைதாண்டல் பரீட்சைக்கு விண்ணப்ப முடிவுத் திகதி முந்தின கிழமையே போய்விட்டது என்பதை மல்லி வாசித்துச் சொன்னபோதுதான் அறிந்தோம். ஆச்சியின் நாரி உளைவை உங்களுக்கு மொழிபெயர்த்த ஆட்களுக்கு ஒரு பக்கத்தை மொழிபெயர்த்து ஒட்ட ஆள் கிடைக்கவில்லை.

குறை மட்டும் சொல்கிறான் என்று நினைக்கவேண்டாம். 2017 மார்ச் நினைவிருக்கும். கிண்ணியாவில் டெங்கு வெடித்தது, பள்ளிக்கூடங்களை மூடினார்கள், நாடு முழுக்க அந்த வருடம் 186,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள், முதலில் அடிவாங்கியது எங்கள் பக்கம். உதவிக்கு அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு இன்னொன்று, எந்தப் பக்கம் திரும்பினாலும் நுளம்பு வலை காலில் சிக்கும். குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து சொல்வது எங்கள் பொறுப்பு, அந்தக் கணக்குப் பிழைத்தால் பிள்ளை கையை விட்டுப் போய்விடும் என்று பொறுப்பாக நின்ற வைத்தியர் எங்களைக் கூப்பிட்டு இருத்தி, தாதியரோடு சேர்த்தே, சொல்லித் தந்தார். ஏன் அளக்கிறோம் என்று அதற்கு முன்னம் எனக்கு யாரும் சொன்னதில்லை, ஊற்று என்றால் ஊற்றுவோம், அள என்றால் அளப்போம். ஒவ்வொரு நாளும் காலையில் நேற்றைய நிலவரத்தை எங்களுக்கும் சொன்னார். ஊர்ச்சனம் சாப்பாடு கொண்டுவந்தது, எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நான் நுளம்புக் கடியோடு மெலிந்து வீடு வந்தேன், மனிசி பார்த்துவிட்டு அழுதாள். ஆனாலும் என் சேவைக் காலத்தில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன். அதே ஆட்கள், அதே சம்பளம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயலில் வெள்ளம் வந்து, மாவிலாற்று அணை உடைந்து மூதூர்ப் பக்கச் சனம் இடம்பெயர்ந்தபோதும் வர முடிந்தவர்கள் வந்தோம், மாற்ற ஆளில்லாமல் ஒன்றரை நாள் நின்றோம். முகாமில் பிள்ளைகளோடு கிடந்த எங்கள் ஆள் ஒருவருக்கு அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் சம்பளமற்ற விடுமுறை என்று விழுந்திருந்தது. பிறகு திருத்தினார்கள், உண்மை. அதற்கு அவர் மூன்று முறை அலுவலகப் படி ஏறவேண்டியிருந்தது. வராதவர்களின் பட்டியல் அடுத்த நாளே தயாரானது, வந்தவர்களின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

தனியார் நிறுவனம் மூலம் வருகிற துப்புரவுப் பிள்ளைகளைப் பற்றியும், நிரந்தர நியமனம் கேட்டு வடக்கிலும் கிழக்கிலும் வருடக்கணக்கில் வீதியில் நின்ற சுகாதாரத் தொண்டர்களைப் பற்றியும் எழுதப்போனால் இந்த மடல் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: எங்களுக்காவது ஓய்வூதியம் என்ற கயிறு இருக்கிறது, அந்தப் பிள்ளைகளை நீங்கள் எதைக்கொண்டு பிடித்து வைப்பீர்கள்?

ஓய்வு என்றதும் ஒரு அக்கா நினைவுக்கு வருகிறார். ஓய்வு வயதை 60 ஆக்கியதால் 2022 டிசம்பர் 31 அன்று அரச சேவையிலிருந்து ஒரேயடியாகப் பலர் வெளியே போனார்களே, அதில் அவரும் ஒருவர். இடுப்பு உடைந்த கிழவரை நோகாமல் எப்படிப் புரட்டுவது என்று எனக்குக் காட்டித் தந்தவர். மூன்று பேர் நிற்கவேண்டும், ஒருவர் எண்ணவேண்டும், எண்ணுகிறவர் தலைப்பக்கம் நிற்பவராக இருக்கவேண்டும் என்பார். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை லீவில் இருந்தவர் ஓடிவந்து மூன்று நாள் பிரேதம் கழுவினார், 2006இல் மூதூர்ச் சண்டை நேரத்திலும் நின்றார். கடைசி நாள் லொக்கர் திறப்பைக் களஞ்சியத்தில் கொடுத்துக் கையெழுத்து வைத்தார். திறப்பு துருப்பிடித்திருக்கிறது என்று களஞ்சியப் பொறுப்பாளர் புத்தகத்தில் குறித்தார். வெளியே வாசலில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கேக் வெட்டினோம், வாசலில் நின்ற மான் ஒன்று வந்து கேக் பெட்டியைத் தின்னப் பார்த்தது, எங்கள் ஊர் மான்கள் அப்படித்தான், அக்கா அதைத் துரத்திக்கொண்டே சிரித்தார். நிர்வாகத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. ஒரு மாடிதான்.

நான் கேட்பதற்குப் பெரிய காசு தேவையில்லை. எங்கள் ரோஸ்டரையும் மாதத்துக்கு ஒருமுறை, மாதம் பிறக்க ஒரு கிழமை முன்னம், பேனையால் எழுதுங்கள், இரவும் ஞாயிறும் யாருக்கு எத்தனை என்ற எண்ணிக்கையைப் பக்கத்திலேயே ஒட்டுங்கள், ஓவசியரின் தேத்தண்ணி தானாக ஆறிவிடும். ஊசி குத்தினால் என்ன செய்வது என்று மூன்று மொழியில் ஒரு தாள், எங்களுக்கும் தடுப்பூசி அட்டை. சுற்றுநிருபம் தமிழிலும். சாப்பிட ஒரு அறை, கதவு உள்ள அறை. காலைக் கூட்டத்தில் எங்களில் ஒருவரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள், நாங்கள் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டாவது நிற்போம். இதெல்லாம் செய்தால் எல்லாரும் மாறிவிடுவார்கள் என்று சத்தியம் பண்ணமாட்டேன். எங்களுக்குள்ளும் கள்ளர் இருக்கிறார்கள், கையெழுத்து வைத்துவிட்டு மடத்தடிப் பக்கம் போய்விடுகிறவர்களை எனக்கும் தெரியும், நோயாளியின் வீட்டாரிடம் ஐநூறு வாங்குகிறவரையும் தெரியும். ஆனால் அந்த ராத்தா அப்படிப்பட்டவர் இல்லை, அவரை இழந்திருக்கத் தேவையில்லை.

அந்தத் தங்கச்சி வினாக்கொத்தின் கடைசிப் பக்கத்தில், வேறு ஏதாவது கூற விரும்பினால் என்று போட்டு இரண்டு கோடு விட்டிருந்தது. இரண்டு கோடு போதவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பின்னேரம் ரோஸ்டர் வரும். வருகிற புதன்கிழமை என் மகளுக்குக் கிளினிக், அன்றைக்குக் காலை டியூட்டி வேண்டாம் என்று ஓவசியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தலையாட்டினார். போய்ப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
ட்ரொலி தள்ளுகிறவன்,
திருகோணமலை.